“எங்களுக்காக” என்றால் யாருக்காக?

நெல்லைச் சீமையின் தென்கோடியிலே வடக்கன்குளம் என்றோர் ஊர். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராயிருந்த நீலகண்டன், 1745 மே 14-இல் அங்கே ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அரசின் சீற்றத்துக்கு ஆளானார், சிறைப்பட்டார், 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொண்ட கொள்கைக்காக உயிர் கொடுத்தவர். அந்த உறுதிக்கு நாம் தலைவணங்கத் தயங்கோம். 2022 மே 15-இல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார். 2025-இல் இந்தியப் பொதுநிலையினரின் பாதுகாவலராகவும் ஆக்கப்பட்டார்.

பாதுகாவலர் என்றதும் நவநாள் உண்டு, மன்றாட்டு உண்டு. ஒருவர் புனிதரின் பெயரைச் சொல்ல, முழந்தாளிட்ட கூட்டம் ஒரே குரலில், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்கிறது. எல்லாம் அறிந்த ஆண்டவனுக்குச் சிபாரிசு எதற்கு என்று தோழர்கள் கேட்பார்கள். “நண்பனிடம், எனக்காகவும் செபி என்று சொல்வதில்லையா? அதுபோலத்தான் இது. புனிதருக்குச் செலுத்துவது வணக்கம், ஆராதனை ஆண்டவனுக்கு மட்டுமே” என்று விடை வரும். இந்த வழக்காடல் பல நூற்றாண்டுப் பழசு; அதை விட்டுவிடுவோம். கடலுக்குப் போன கணவன் திரும்பாத நிலையில், ஊரார் நடுவே முழந்தாளிட்டு ஆறுதல் பெறும் பெண்ணைப் பார்த்து எள்ளி நகையாடுவதும் பகுத்தறிவு ஆகாது.

நாம் கேட்பது வேறு. “எங்களுக்காக” என்கிறார்களே, அந்த “நாங்கள்” யார்?

இதற்கு விடையைச் செங்கல்லால் எழுதி வைத்தது, தேவசகாயத்தை வரவேற்ற அதே வடக்கன்குளம். 1872-இல் அங்கே கட்டி முடிக்கப்பட்ட திருக்குடும்பக் கோயிலின் அமைப்பைக் கேளுங்கள்: பீடம் ஒன்று, மக்கள் நிற்கும் கூடங்களோ இரண்டு, காற்சட்டையின் இரு கால்களைப் போல! நடுவே சுவர். வேளாளர் ஒருபுறம், நாடாரும் ஏனையோரும் மறுபுறம். பீடத்தில் நிற்கும் குருவுக்கு இரு கூட்டமும் தெரியும். கூட்டத்துக்குக் கூட்டம் தெரியாது. இரு பக்கத்திலிருந்தும் “எங்களுக்காக” என்ற ஒலி எழுந்தது. கூரையின் கீழ் அது ஒன்றாகக் கலந்திருக்கும்; ஒலிக்குச் சாதி தெரியாதல்லவா!

1910-இல் சுவர் இடிக்கப்பட்டது. இடிக்கச் செய்தவர்கள் குருமார்களே. அந்தப் பெருமையை அவர்களுக்கு மறுக்க மாட்டோம். ஆனால் சுவர் போனதே என்று வெகுண்டு வழக்குமன்றம் ஏறினார்கள் சிலர். உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அவர்கள் நாத்திகரா? இல்லை. அதே பீடத்தின்முன் முழந்தாளிட்டவர்கள்!

இங்கேதான் சிந்திக்க வேண்டும், தோழர்களே. சுவரை வேண்டியவரும் செபித்தார், சுவரை இடித்தவரும் செபித்தார். இருவருக்கும் பொதுவான ஒன்று, இருவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டுக்குக் காரணமாக முடியுமா? மருந்துண்ட இருவரில் ஒருவன் பிழைத்து மற்றவன் மாண்டால், பிழைப்புக்கு அந்த மருந்தே காரணம் என எவரும் உறுதி கூறார். ஆகவே ஒருவரைச் சம்மட்டி எடுக்கவும், மற்றவரை வக்கீலைத் தேடவும் வைத்தது எதுவோ, அது செபத்துக்கு வெளியே இருந்து வந்தது. அதற்கு நீதியுணர்ச்சி என்று பெயரிடுங்கள், மனச்சான்று என்று சொல்லுங்கள். அதை ஆண்டவனே தந்தான் என்றாலும், மற்றவருக்கு ஏன் தரவில்லை என்ற கேள்வி நிற்கும்.

தேவசகாயத்தின் பெயரோடு ஒட்டியிருந்த “பிள்ளை” எனும் சாதிப்பட்டம், எதிர்ப்பு எழுந்த பின், புனிதர் பட்டத்துக்கு முன்பே நீக்கப்பட்டது. நல்லது. விண்ணுலகில் இருப்பவருக்குச் சாதி போயிற்று. மண்ணுக்குள் இருப்பவர்க்கு? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தாழ்த்தப்பட்ட கிறித்தவரின் சடலங்களைப் பிரித்து நின்ற சுவரை எதிர்த்து 2010-இல் போராட்டம் நடந்தது. ஆண்டுதோறும் நவம்பர் 2-இல் இறந்தோர் அனைவருக்காகவும் பொதுவில் மன்றாடுகிற திருச்சபையின் கல்லறைத் தோட்டம் அது.