நமுத்த தோட்டா

என் அப்பா துப்பாக்கி வைத்திருந்தவர் என்று சொன்னால் நண்பர்கள் ஒரு நொடி என்னை வேறு மாதிரி பார்ப்பார்கள். 'ஜாகா வேலை' என்று சேர்த்துச் சொன்னதும் அந்தப் பார்வை வடிந்துவிடும். ஜோகூர் பாருவில் ஓர் அடகுக்கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் பம்ப்கன்னுடன் உட்கார்ந்திருக்கும் நரைத்த மனிதரை யாரும் ஆயுததாரியாக நினைப்பதில்லை.

குலாய் பக்கத்துத் தோட்டத்தை விட்டு வந்தபிறகு அப்பாவுக்குக் கிடைத்த வேலை அது. வெறுங்கையோடு காவல் நின்றால் ஒரு சம்பளம், துப்பாக்கியோடு நின்றால் கொஞ்சம் கூட. அந்தக் 'கொஞ்சம் கூட'வில்தான் நான் ஆறாம் படிவம் படித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தேவைப்படும்.

பள்ளி முடிந்து சாப்பாட்டுக் கேரியரோடு கடைக்குப் போவேன். சில நாள் ஷிஃப்ட் மாறும் நேரமாக இருக்கும். அப்பா கடையின் பின்கட்டில் நின்று, குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, சிவப்புத் தோட்டாக்களை ஒவ்வொன்றாக இறக்கித் துணியில் வைப்பார். மொத்தம் ஐந்து. ஒவ்வொன்றின் முதுகிலும் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்திருந்தார். ஒன்றுக்கு ஒரு புள்ளி, ஐந்துக்கு ஐந்து புள்ளி. குழாயில் கடைசியாகப் போனதுதான் முதலில் வெடிக்கும். நேற்று அந்த இடத்தில் இருந்ததை இன்று உள்ளே தள்ளி, இன்னொன்றை முன்னால் வைப்பார்.

"எதுக்குப்பா இப்படி மாத்துறீங்க?"

"ஒன்னே தேயக்கூடாதுல்ல."

ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஏற்றி இறக்கும்போது பிளாஸ்டிக் கூட்டின் வாய் மடிப்பு தளர்கிறது. குழாய்க்குள் ஸ்பிரிங் நெருக்கிக்கொண்டே இருப்பதில் கூடு பிதுங்குகிறது. நம் ஊர் ஈரத்தில் அடிப்பக்க உலோகத்தில் பச்சை பூக்கிறது. துருவுக்குப் பயந்து எண்ணெயை அதிகமாகப் போட்டால், அது கசிந்து, ஊசி தட்டியதும் முதலில் தீப்பிடிக்க வேண்டிய மருந்தையே கெடுத்துவிடும். உலர்ந்த இடத்தில் பெட்டியோடு கிடக்கும் தோட்டா பல பத்தாண்டுகள் நன்றாக இருக்கும். மனிதன் உடம்போடு சுமக்கும் தோட்டாதான் சீக்கிரம் வயசாகிறது.

அந்த ஐந்தும் ஆறு வருடமாக அதே ஐந்து. நான்காம் புள்ளித் தோட்டா ஒருநாள் வீங்கிப்போய்க் குழாயில் சிக்கிக்கொண்டது. அப்பா நிறுவனத்தில் புதுசு கேட்டார். "ஒரு தடவகூட சுடல, எதுக்குப் புதுசு?" என்றார் மேற்பார்வையாளர்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்போது எனக்கு பதினெட்டு வயது. அகிம்சை பற்றி நிறைய வாசித்துக்கொண்டிருந்தேன். "விடுங்கப்பா. வெடிக்காட்டி நல்லதுதானே? பாக்குறவன் பயப்படத்தானே துப்பாக்கி? பயப்பட வெக்க நமுத்த தோட்டா போதும்" என்றேன். யாரையும் கொல்லாமல், சம்பளமும் வாங்கிக்கொண்டு, கையும் சுத்தமாக இருக்கும் ஒரு வழி. அதை நான் கண்டுபிடித்துவிட்டதாகவே நினைத்தேன்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "நமுத்த பெலுரு செத்த பெலுரு இல்லம்மா. அது வெடிக்குமா வெடிக்காதான்னு அதுக்கே தெரியாது. சில நேரம் அழுத்துனா சும்மா இருக்கும். ஏமாந்து குழல திருப்புனா, ரெண்டு செகண்டு கழிச்சு வெடிக்கும். அதான் வெடிக்கலன்னா அரை நிமிசமாச்சும் ஆள் இல்லாத பக்கம் காட்டி நில்லுன்னு ட்ரெய்னிங்ல சொல்லுவான்."

அன்று நான் அதை ஒரு தொழில் தகவலாக மட்டும்தான் கேட்டுக்கொண்டேன்.

அமெரிக்காவில் தினமும் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு வெளியே போகும் சாதாரண மக்களுக்கு இது ஒரு வழக்கமான வீட்டுவேலை. ஆறு மாதமோ வருடமோ ஆனதும் பழைய தோட்டாக்களைப் பயிற்சிக் களத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதுப்பெட்டி பிரிக்கிறார்கள். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப அறைக்குள் ஏற்றினால் குண்டு கூட்டுக்குள் பின்வாங்கி, சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும் என்பதால் அதைச் சுழற்சியில் மாற்றுகிறார்கள். காருக்கு எண்ணெய் மாற்றுவது மாதிரி. 'நான் ஒருவரைக் கொல்லத் தயாராக இருக்கிறேனா' என்ற கேள்வி கடையில் பெட்டி வாங்கும்போதே பதில் பெற்றுவிட்டதால், அதன்பிறகு மிஞ்சுவது பராமரிப்புதான்.

நமக்கு அப்படி இல்லை. இங்கே 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு பழைய பயம் இருக்கிறது. 1948 அவசரகாலச் சட்டம் அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தவருக்கு மரண தண்டனை விதித்தது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். யாரையாவது சுட்டார் என்பது வழக்கு அல்ல. வைத்திருந்தார் என்பதே வழக்கு. அந்த ஆறும் வெடிக்கும் நிலையில் இருந்தனவா, அவர் அவற்றால் என்ன செய்திருப்பார் என்ற கேள்விகளுக்கு அந்தச் சட்டத்தில் பெரிய இடம் இருக்கவில்லை. ஆறு தோட்டா ஒரு தமிழனைத் தூக்குமேடைக்கு அனுப்பியது. ஐந்து தோட்டா இன்னொரு தமிழனுக்குச் சீருடையும் சம்பளமும் தந்தது. நடுவில் இருப்பது ஒரு காகிதம்.

கணபதியைப் பற்றி வாசித்த நாட்களில்தான் அப்பா ஒரு வெள்ளைத்தாளோடு வந்தார். "மலாயில ஒரு கடுதாசி எழுதிக் குடும்மா. பெலுரு மாத்தித் தரச் சொல்லி." வாயால் கேட்டது போதவில்லை, எழுத்தில் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

நான் மறுத்தேன். அந்தக் கடிதத்தின் அர்த்தம் எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தது: 'ஐயா, நான் ஒருவனைச் சுட நேர்ந்தால் அவன் சாகும்படி ஏற்பாடு செய்து தரவும்.' இதை என் கையெழுத்தில் எழுதுவதா?

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. "ஒனக்குப் புடிக்கலன்னா சொல்லு, வேலைய விட்டுடுறேன். துப்பாக்கியக் குடுத்துட்டு வந்துடுறேன். ஆனா அதக் கையில வெச்சுக்கிட்டு, வெடிக்காதுன்னு நம்பிக்கிட்டு நிக்கச் சொல்லாத. உள்ள அந்த டீக்கடை அக்கா பொண்ணு கவுண்டர்ல ஒக்காந்திருக்கு. அது என்னைய நம்பித்தான் ஒக்காந்திருக்கு."

வேலையை விடச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆறாம் படிவக் கட்டணம் இருந்தது, வாடகை இருந்தது. அப்போதுதான் என் அகிம்சையின் கணக்கு எனக்குப் புரிந்தது. துப்பாக்கியின் சம்பளம் எனக்கு வேண்டும். துப்பாக்கியின் பாவம் வேண்டாம். அந்த இடைவெளியை அடைக்க எனக்கு ஈரக்காற்று தேவைப்பட்டது. முடிவை நான் எடுக்காமல் பச்சை பூத்த உலோகம் எடுக்கட்டும் என்று விட்டிருந்தேன். அது வெடித்து ஒருவன் செத்தால் பழி அப்பாவுக்கு. வெடிக்காமல் அந்தப் பெண் செத்தால் பழி தோட்டாவுக்கு. இரண்டிலும் நான் நல்லவள்.

கடிதத்தை எழுதினேன். ஐந்து வரி.

ஆனால் அப்பா சொன்னதுதான் முழு நியாயம் என்றும் சொல்ல மாட்டேன். 2024 மே 17 அதிகாலை, எங்கள் ஜோகூரில், உலு திராம் காவல் நிலையத்துக்குள் பாராங்கத்தியோடு ஒருவன் புகுந்தான். ஒரு போலீஸ்காரரை வெட்டிக் கொன்று, அவருடைய துப்பாக்கியையே எடுத்து இன்னொருவரைச் சுட்டுக் கொன்றான். செய்தியைப் பார்த்ததும் எனக்கு அந்த ஐந்து வரி ஞாபகம் வந்தது. நன்றாகப் பராமரித்த தோட்டா, பராமரித்தவனுக்கு விசுவாசமாக இருப்பதில்லை. யார் கை அழுத்தினாலும் வெடிக்கும். நமுத்திருந்தால் அந்த இரண்டாமவர் பிழைத்திருப்பாரோ? அன்று இரவு முழுக்க இந்தக் கேள்வியோடு கிடந்தேன்.

இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான். இந்தச் சம்பவம் துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கு எதிரான வாதம். எடுத்த துப்பாக்கியை நமுக்க விடுவதற்கு ஆதரவான வாதமாக அதை மாற்ற முடியாது. கொல்ல விரும்பாதவர் துப்பாக்கியைக் கீழே வைக்கலாம், அதற்கான விலையையும் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் அந்த விலையைக் கொடுக்க யாரும் முன்வரவில்லை. அதன்பிறகு தோட்டா கெட்டுப்போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டதற்கு அகிம்சை என்று பெயர் வைக்கக் கூசுகிறது.

கடிதம் கொடுத்து நான்கு மாதம் கழித்துப் புதுத் தோட்டா வந்தது. அப்பா மறுபடி மார்க்கரால் புள்ளி வைத்தார். ஓய்வு பெறும்வரை ஒன்றுகூடச் சுடவில்லை. கடைசி நாளில் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

"நெசமா ஆள் வந்திருந்தா சுட்டிருப்பீங்களாப்பா?" என்று போன வருடம் கேட்டேன்.

ரொம்ப நேரம் யோசித்தார். "தெரியலம்மா" என்றார். "ஆனா அத ஒவ்வொரு நாளும் பெலுரு போடும்போது நெனச்சிருக்கேன்."