நேற்றுச் சொன்ன சரி

மருமகனின் கரடுமுரடுப் பாதை பைக்குக்குப் பின்டயரை எங்கள் முற்றத்தில் வைத்தே மாற்றினேன். 18 அங்குல றிம். டியூப் மடியாதிருக்கச் சிறிது காற்று விட்டு, டயர் விளிம்பில் சவர்க்கார நீர் பூசினேன். எதிர்ப்பக்க விளிம்பை றிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கிவிட்டால் இந்தப் பக்கம் தானாகத் தளரும், பலம் தேவையில்லை. தெரிந்திருந்தும், இருட்டுமுன் முடிக்கும் அவசரத்தில் கடைசி ஒரு சாணுக்கு நெம்புகோலை ஓங்கி அழுத்தினேன். உள்ளே ஏதோ நசுங்கியது போல் கைக்குப் பட்டது.

காற்றடித்தேன், நின்றது.

“சரியா மாமா?”

“சரி மகன்.”

அந்தச் ‘சரி’ பொய்யா? டியூப் நசுங்கியதை நான் காணவில்லை. காணாததைச் சொல்லாதிருப்பது எப்படிப் பொய்யாகும்? இரவு முழுவதும் இந்த வாதம் என்னைத் தூங்கவிடவில்லை. தெரியாமை வேறு, தெரிந்துகொள்ள மறுப்பது வேறு. முன்னதை மன்னிக்கலாம். பின்னது நாமே நம் கண்ணைக் கட்டிக்கொள்வது. சந்தேகம் தட்டிய கணத்திலேயே என் அறியாமை களங்கப்பட்டுவிட்டது. பாறைச் சரிவில் காற்றுப் போனால் விழப்போவது அவன். எனக்கு மிச்சமாவது அரைமணி நேரம்.

விடிந்ததும் மறுபடி கழற்றினேன். டியூபில் ஒரு கீறலும் இல்லை. அதனால் நேற்றைய ‘சரி’ உண்மையாகிவிடுமா? இல்லை. அது தற்செயலாகப் பலித்த சொல். அதற்கு நான் உரிமை கோர முடியாது.

“ஏன் மாமா திரும்பக் கழட்டுறீங்க?”

“சரி எண்டு நேத்துச் சொன்னன் மகன். இண்டைக்குத்தான் பாத்தன்.”