அறத்துக்கு நல்லெண்ணம் மட்டும் போதுமா?

பிறருக்கு நன்மை செய்யும் நோக்கத்துடன் ஒருவர் இயன்றதையெல்லாம் செய்த பின்பும், அச்செயல் உதவி பெற்றவருக்கே தீங்காக முடியுமானால், அவரை அறம் செய்தவர் என்று கொள்ளலாமா என்பது ஒழுக்கவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. செயலுக்கு மதிப்பளிப்பது அதன் பின்னுள்ள நல்விருப்பமே என்றார் இம்மானுவேல் காண்ட். விளையும் இன்ப துன்பங்களே அளவுகோல் என்றார் ஜெரமி பெந்தம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும், விளைவு இன்னதென்று எப்படி அறிவது என்னும் கேள்வி அப்படியே எஞ்சி நிற்கிறது. குற்றவியல், பொருளியல், மருத்துவம் ஆகிய துறைகளில் நடந்த ஆய்வுகள் கடந்த நூறு ஆண்டுகளில் இக்கேள்வியைத்தான் கூர்மையாக்கின.

அவற்றுள் மனத்தை மிகவும் உலுக்குவது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்த கேம்பிரிட்ஜ்–சாமர்வில் இளைஞர் ஆய்வு. அதை வகுத்த ரிச்சர்ட் கேபட் ஒரு மருத்துவர்; ஹார்வர்டில் சமூக ஒழுக்கவியல் கற்பித்தவர். வழிதவறக்கூடிய சிறுவர்களுக்கு அன்பும் அறிவுரையும் கூறும் மூத்த நண்பர் ஒருவர் தொடர்ந்து துணைநின்றால் அவர்கள் குற்றத்தில் விழமாட்டார்கள் என்று அவர் நம்பினார். நம்பியதோடு நில்லாமல் அதைச் சோதிக்கவும் வழி வகுத்தார் என்பதே அவருடைய தனிச்சிறப்பு. வயது, குடும்பச் சூழல், இயல்பு ஆகியவற்றில் ஒத்த சிறுவர்கள் இணை இணையாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் இணையிலும் எவருக்கு உதவி என்பது நாணயத்தைச் சுண்டி முடிவு செய்யப்பட்டது. உதவி பெறாதோர் ஒப்பீட்டுக் குழு ஆயினர். அதாவது, உதவி இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதைக் காட்டும் குழு. 1939 முதல் 1945 வரை நடந்த இப்பணியின் முடிவில் 506 பேர், குழுவுக்கு 253 பேராக, எஞ்சியிருந்தனர். ஆலோசகர்கள் வீடு தேடிச் சென்றனர், பாடம் சொல்லித்தந்தனர், மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்தனர், பலரைக் கோடை முகாம்களுக்கு அனுப்பினர்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் குற்றவியலாளர் ஜோன் மக்கார்ட் அச்சிறுவர்களை, அப்போது நடுவயதை எட்டியிருந்தவர்களை, தேடிக் கண்டறிந்து 1978-இல் முடிவுகளை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரு பங்கினர் அத்திட்டம் தமக்குப் பயன்பட்டதாக நன்றியுடன் நினைவுகூர்ந்தனர். ஆவணங்களோ வேறு கதை சொல்லின: இரண்டாவது முறை குற்றம் செய்தல், குடிநோயின் அறிகுறிகள், கடும் மனநோய், இள வயது மரணம் ஆகியவை உதவி பெற்ற குழுவிலேயே மிகுந்திருந்தன. பிற்காலத்தில் அவர், ஒன்றுக்கு மேற்பட்ட முறை கோடை முகாமுக்குச் சென்றவர்களிடமே இத்தீங்கு பெரிதும் காணப்பட்டதைச் சுட்டி, அங்கே சிறுவர்கள் ஒருவர் குறும்பை ஒருவர் மெச்சி வளர்த்திருக்கலாம் என்று கருதினார். அந்த நன்றியைப் பொய்யென்று தள்ளுவது முறையன்று. அன்பு காட்டப்பட்டது மெய். அது பெறப்பட்டதும் மெய். ஆயினும் நன்றி உணர்வு விளைவுக்குச் சான்றாகாது. உதவி கிட்டாத தன் இன்னொரு வாழ்வை எவரும் வாழ்ந்து பார்த்ததில்லை.

சிறுவர்களின் வாழ்வை நாணயத்தின் பக்கங்களுக்கு விட்டதே அறப்பிழை அல்லவா என்று கேட்கலாம்; மனிதரை வெறும் கருவியாக்கக் கூடாது என்ற காண்டின் விதியே அதற்குத் துணை நிற்கும். இதற்கு மருத்துவ ஒழுக்கவியல் தரும் விடை 'ஐயச் சமநிலை' எனத்தக்க கருத்து: இரு வழிகளில் எது மேல் என்று அறிந்தோரிடையே மெய்யான ஐயம் நிலவும் வரையில், எவ்வழி யாருக்கு என்பதைக் குலுக்கலுக்கு விடுவது எவருக்கும் அநீதி இழைப்பதாகாது. 1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் இதற்குச் சிறந்த சான்று. ஓய்வும் சத்துணவும் தூய காற்றும் நிறைந்த சானடோரியத்தில் வைத்துக் காப்பதே நோயாளிக்குச் செய்யும் பேருதவி என்று மருத்துவ உலகில் பலர் நம்பிவந்தாலும், அதில் ஐயமும் எழுந்திருந்த காலம் அது. குலுக்கல் முறையில் ஒரு பகுதியினரை நெருக்கடியான தம் வீடுகளிலேயே தங்கி மருந்துண்ணச் செய்தபோது, அவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ இணையாகவே குணமடைந்தனர் என்று 1959-இல் வெளியான அறிக்கை காட்டியது. குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் கிடப்பது தேவையற்ற துயரம் என்பது அதன்பின்பே உலகுக்கு விளங்கிற்று. சோதிக்காமலே தொடர்ந்திருந்தால் அத்துயரம் கருணையின் பெயரால் நீடித்திருக்கும்.

நன்மை செய்வதிலும், அவரவர் இயல்பை அறிந்து செய்யாவிடில், தவறு உண்டு என்று வள்ளுவர் 'தெரிந்துசெயல்வகை' அதிகாரத்தில் கூறுகிறார். அக்கருத்தை அவர் அறத்துப்பாலில் வைக்காமல், ஆள்வோருக்குரிய பொருட்பாலில் வைத்தது எண்ணத்தக்கது. ஆனால் 'அவரவர் இயல்பு' என்னும் இடத்தில்தான் இவ்வாய்வுகளின் எல்லையும் இருக்கிறது. அவை குழுக்களின் சராசரியைச் சொல்லுமேயன்றி, ஒரு சிறுவன் கெட்டது அந்த முகாமினால்தானா என்பதைச் சொல்லா. எனவே ஆய்வு முடிவைக் கொண்டு தனியொருவரின் அன்பைக் குற்றஞ்சாட்ட முடியாது. பலருக்கென வகுக்கும் திட்டத்தை அதன்வழி மதிப்பிடாதிருக்கவும் முடியாது.

அத்தகைய மதிப்பீட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு: அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்துக் கேம்டன் நகரில், அடிக்கடி மருத்துவமனையில் சேரும் நோயாளிகளுக்குச் செவிலியரையும் சமூகப் பணியாளரையும் வீட்டுக்கே அனுப்பி உதவிய தொண்டு நிறுவனம் நாடெங்கும் புகழ்பெற்றிருந்தது. ஏமி ஃபிங்கெல்ஸ்டைன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 800 நோயாளிகளைக் கொண்டு அப்பணியை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவின்படி, 180 நாட்களுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தோர் உதவி பெற்ற குழுவில் 62.3 விழுக்காடு, பெறாத குழுவில் 61.7 விழுக்காடு. நோய் உச்சத்தில் இருக்கும் வேளையில் தேர்ந்தெடுக்கப்படுவோரின் நிலை எப்படியும் ஓரளவு இயல்புக்குத் திரும்பும் என்பதால், முன்பு அந்நிறுவனத்தின் உதவியால் விளைந்ததாகக் கருதப்பட்ட முன்னேற்றம் இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் நிகழ்ந்திருந்தது. தன் புகழுக்கு ஊறு நேரலாம் என்று அறிந்தும் இச்சோதனைக்கு இசைந்தது அந்நிறுவனமே. முடிவு வெளியான பின்னும் அது தன் பணியைக் கைவிடவில்லை.