இரண்டு படிக்கல்

மொத்த வியாபாரிக்குச் சேர வேண்டிய பணத்தைத் தவணை நாள் தவறாமல் கொண்டுபோய்ச் செலுத்துகிறவர், தம் கடைக்கு அலமாரி அடித்துக் கொடுத்த ஆசாரியை மட்டும் "அடுத்த வாரம் வாருங்கள்" என்று பலமுறை நடக்க வைப்பது உண்டு. அவரை நாணயமற்றவர் என்று யாரும் சொல்வதில்லை. அவரும் அப்படி எண்ணுவதில்லை. பெரியவருக்குக் கொடுத்த வாக்குக்கு ஓர் எடை, சிறியவருக்குக் கொடுத்த வாக்குக்கு வேறோர் எடை என்று அவர் மனம் தராசு பிடிக்கிறது. கடையில் இரண்டு வகைப் படிக்கல் வைத்திருப்பது மோசடி என்பதை அறியாத வியாபாரி நம்மில் இல்லை. அப்படியாயின் வாக்குக்கு மட்டும் இரண்டு படிக்கல் எப்படிச் சரியாகும்?

திருக்குர்ஆனின் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம் யாரைக் கண்டிக்கிறது என்பதைச் சிந்திக்க வேண்டும். தமக்கு வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போரையே அது கண்டிக்கிறது. அளப்பது அரிசியையும் எண்ணெயையும் மட்டுந்தானா? நேரமும் அளவைக்கு உட்பட்ட பொருள் அன்றோ!

ஆசாரி, கொத்தனார், மின்சார வேலை செய்பவர், குழாய் பழுது பார்ப்பவர், தையற்காரர் ஆகிய எல்லோரும் ஒரு வகையில் வியாபாரிகளே. நாம் விற்பது சரக்கு. அவர்கள் விற்பது நாள். நம் கடையில் இன்று விலைபோகாத துணி நாளை போகும். வெங்காய மூட்டை கூடச் சில நாள் தாங்கும். அவர்களுடைய சரக்கோ பொழுது சாய்ந்ததும் அழிந்துவிடுகிறது. காலை 9 மணிக்கு வரச்சொல்லிவிட்டு, கடையைத் திறக்காமலும், பெட்டிகளை நகர்த்தி இடம் செய்து வைக்காமலும் 11 மணி வரை ஒருவரை அஞ்சடியில் நிற்க வைத்தால், அவருடைய சரக்கில் இரண்டு மணி நேரத்தை நாம் எடுத்துக்கொண்டோம் என்பதே கணக்கு. விலை கொடுக்காமல் எடுத்த பொருளுக்கு என்ன பெயர் என்பதை வியாபாரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நியாயம் ஒரு பக்கம் மட்டும் பேசாது. வருகிறேன் என்று சொல்லி வராமற்போகும் வேலைக்காரரால் விளையும் நஷ்டமும் பெரிது. குளிர்பதனப் பெட்டி நின்றுபோன உணவுக்கடைக்காரருக்கு ஒரு நாள் தாமதம் என்றால் இறைச்சியும் மீனும் குப்பைக்குப் போகும். "அவர்கள் சொன்னபடி வருவதில்லை, நாம் மட்டும் ஏன் மரியாதை காட்ட வேண்டும்?" என்று கேட்கும் சகோதரர்களின் மனக்குறையைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் ஒன்றை ஆராய வேண்டும். ஒரே நாளில் மூன்று இடத்து வேலையை ஒருவர் ஏன் ஒப்புக்கொள்கிறார்? மூவரில் ஒருவர் கடைசி நேரத்தில் "இன்று வேண்டாம்" என்பார். இன்னொருவர் வேலை முடிந்த பின் கூலியைக் குறைப்பார் என்று அனுபவம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. நம்மை நம்ப முடியாத காரணத்தால் அவர் தமக்குத் தேடிக்கொண்ட பாதுகாப்பு அது. அது சரியென்று சொல்லவில்லை. மூவரும் வேலையைத் தள்ளிப்போடாத நாளில் இருவர் ஏமாறுகிறார்கள். ஆயினும் அந்தப் பழக்கத்தில் நம் பங்கும் உண்டு என்பதை ஒப்புக்கொண்டால்தான் அது மாறும்.

இரு தரப்பாரும் சொல்லும் ஒரு சொல்லைப் பற்றியும் இங்கே கூற வேண்டும். "இன்ஷா அல்லாஹ் நாளைக்கு" என்கிறோம். இறைவன் நாடினால் என்று சொல்பவர், தம் முயற்சியில் குறைவில்லை, மிஞ்சியது அவன் கையில் என்று பொருள்பட அல்லவா சொல்ல வேண்டும்? வர மனமில்லாதபோதும், கொடுக்க மனமில்லாதபோதும் அச்சொல்லை நாவில் ஏற்றுவது, நம் சோம்பலுக்கு இறைவன் பெயரால் சாக்குச் சொல்வதாகும்.

"அரை மணி நேர வேலைக்கு இத்தனை வெள்ளியா?" என்பது அடுத்த கேள்வி. சிங்கப்பூரில் மின்கம்பி இணைப்பு வேலையை உரிமம் பெற்றவர்தான் செய்யலாம். பழுது எங்கே என்பதை அவர் அரை மணியில் கண்டுபிடிப்பதற்குப் பின்னால் பல்லாண்டுப் பயிற்சி இருக்கிறது. கூலி அந்தப் பயிற்சிக்கும் சேர்த்தே. அரை நாள் திணறியவருக்கு மனமுவந்து கொடுத்து, விரைவாக முடித்தவரிடம் பேரம் பேசுவது திறமைக்கு அபராதம் விதிப்பதாகும்.

1856இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட சிங்கப்பூர் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் பாருங்கள். அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். உட்சுவர்களுக்குப் பூசியது மதராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, சர்க்கரை ஆகியவற்றைக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்துப் பூசி, காய்ந்த பின் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். எது எவ்வளவு, எப்போது பூசுவது, எப்போது தேய்ப்பது என்பதெல்லாம் கையில் இருந்த கல்வி. சுவரை வியந்து பார்க்கிறவர்களில், பூசிய கைகளை நினைப்பவர் எத்தனை பேர்?

பாராட்டு என்பது முதுகில் தட்டிக் கொடுப்பது மட்டுமன்று. வேலை தொடங்குமுன் கூலியைப் பேசி முடித்து, முடிந்த பின் அதைக் குறைக்காமலிருப்பது பாராட்டு. வர வேண்டாம் என்றால் முந்தைய நாளே கைத்தொலைபேசியில் சொல்லிவிடுவது பாராட்டு. "ஏய்" என்று அழையாமல் பெயர் சொல்லி அழைத்து, ஒரு கோப்பை தேநீர் கொடுப்பது பாராட்டு. குறையிருந்தால் அதை அவரிடமே சொல்லித் திருத்தச் செய்து, நன்றாகச் செய்ததைப் பத்துப் பேரிடம் சொல்வதும் பாராட்டே. உழைத்தவருக்குக் கூலியைத் தாமதமின்றிக் கொடுக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை நாம் அறிவோம். அறிந்ததைக் கல்லாப்பெட்டி வரை கொண்டுவர வேண்டும்.

இந்த மாத முடிவில் பேரேட்டைப் புரட்டும்போது, பெரிய கம்பெனிகளின் பாக்கியைப் பார்க்குமுன் ஆசாரியின் பாக்கியையும் கொத்தனாரின் பாக்கியையும் பார்ப்போமாக. அவர்கள் வந்து கேட்குமுன் கொடுத்தனுப்புவோமாக. அடுத்த முறை "நாளை 9 மணிக்கு" என்று நாம் சொல்லும்போது, அவர்கள் மற்ற இரண்டு வேலைகளை ஒப்புக்கொள்ளாமல் நம் கடைக்கு வருவார்கள்.