பிள்ளைக்காக வாய் திறப்பது யார்?

 

கலாத்தியர் 4-ம் அதிகாரத்தின் தொடக்கத்தை எடுத்துப் பாருங்கள். சொத்துக்குச் சொந்தக்காரப் பிள்ளைதான். ஆனாலும் தகப்பன் குறித்த காலம்வரை வேறொருவர் பொறுப்பிலே இருக்கிறான் என்கிறார் பவுல்.

இன்றைக்கும் அப்படித்தான். தகப்பன் மரிக்குமுன் வீட்டைப் பிள்ளைக்கென்று டிரஸ்ட் எழுதி, சித்தப்பாவை டிரஸ்டியாக வைக்கிறார். வெளியார் அந்த வீட்டின்மேல் வழக்குப் போட்டால் டிரஸ்டியே பிள்ளைக்காகவும் நிற்கலாம். ஆனால் சித்தப்பாவே வீட்டை அபகரிக்கப் பார்த்தால்? அப்போது பிள்ளைக்காக யாரு பேசுவாங்க?

நம் நாட்டுச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. 1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டம், 32-வது கட்டளையின்படி, மைனருக்காக வழக்குப் போடுகிறவர் 'நெக்ஸ்ட் பிரண்ட்'. மைனர்மேல் வழக்கு வந்தால் கோர்ட்டே ஒரு கார்டியனை நியமிக்கும். அவர் வயது வந்தவராய், புத்தி தெளிந்தவராய், பிள்ளையின் நன்மைக்கு விரோதமான ஆதாயம் இல்லாதவராய் இருக்கவேண்டும். கோர்ட் அனுமதியில்லாமல் அவர் ராஜி பண்ணவும் முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: எழுத்துமூலம் சம்மதிக்காத ஒருவரைக் கார்டியனாக நியமிக்கவே முடியாது!

அந்தச் சம்மதத்தில்தான் நாம் தவறுகிறோம். "குடும்பச் சண்டை, நமக்கெதுக்கு வம்பு பிரதர்?" என்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபிக்கிறோம். திங்கட்கிழமை கோர்ட்டுக்குக் கூட வர ஆளில்லை. பேச முடியாதவனுக்காகப் பேசு என்று நீதிமொழிகள் 31:8 கட்டளையிடுகிறதே!

டிரஸ்டியாயிருக்கிற சகோதரனே, உனக்கும் ஒரு வார்த்தை. 1882-ம் வருஷத்து இந்திய டிரஸ்ட் சட்டம், 53-ம் பிரிவின்படி, கோர்ட் அனுமதியின்றி அந்தச் சொத்தை நீயே வாங்கக்கூடாது. பிள்ளைக்கு நன்மையென்று தெளிவாய்த் தெரிந்தால்தான் அனுமதி கிடைக்கும். கோர்ட் கண்ணுக்குத் தப்பினாலும், திக்கற்ற பிள்ளைகளின் நிலத்தில் நுழைகிறவனோடு வழக்காட கர்த்தரே வருகிறார் என்று நீதிமொழிகள் 23-ம் அதிகாரம் எச்சரிக்கிறது. பயப்படு!

பிரியமானவர்களே, பிதாவின் சமுகத்தில் நமக்காகப் பரிந்துபேச இயேசு மனப்பூர்வமாய்ச் சம்மதித்தார். நம்மிடம் ஆதாயம் தேடி அல்ல, தம்முடையதையெல்லாம் விட்டு வந்தார். அல்லேலூயா! அவர் பரிந்துபேசுவதால் பிழைத்திருக்கிற நாம், ஒரு பிள்ளைக்காகக் கையெழுத்துப் போடத் தயங்கலாமா?

உங்கள் சபையில் தகப்பனில்லாத பிள்ளை உண்டா? அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். "நான் வருகிறேன்" என்று சொல்லுங்கள். கர்த்தர்தாமே உங்களைப் பலப்படுத்துவாராக. ஆமென்.