வென்ற வாதமும் விடுபட்ட வினாவும்

தவறான வாதத்திற்குப் 'போலி' என்று பெயரிட்டனர் நம் முன்னோர். பொய் வேறு, போலி வேறு. பொய்யை எளிதில் விலக்கலாம். போலியோ மெய்யின் உடையணிந்து வரும். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் 29-ஆம் காதை, பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, எடுத்துக்காட்டுப் போலி 10 என அவற்றை வகுத்துரைக்கிறது. அவற்றுள் ஒன்று அநைகாந்திகம்: நிறுவ வந்த பொருளிடத்தும், அதற்கு மாறானதிடத்தும் ஒருங்கே காணப்படும் காரணத்தை ஆதாரமாகக் காட்டும் பிழை.

இப்பிழைக்கு மதுரை மறைப்பணி வரலாற்றிலேயே சான்று உண்டு. தத்துவ போதகர் எனப் பெற்ற இராபர்ட் தெ நோபிலி அடிகளார் 1606-இல் மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே இங்குப் பணியாற்றி வந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகளார், 1610-இல் அவர்மீது குற்றம் சாட்டினார். பூணூலும் குடுமியும் சிலை வழிபடுவோர் அணிபவை. ஆகவே அவை சிலை வழிபாட்டின் சின்னங்கள் என்பது அவ்வாதத்தின் சாரம். சிலை வழிபடுவோர் உண்ணவும் உடுக்கவும் செய்கின்றனரே! அவையும் வழிபாடாகிவிடுமா? 1613-இல் எழுதிய இலத்தீன் நூலில் நோபிலியார் இந்நாட்டு நூல்களையே மேற்கோள் காட்டி, அவை குலத்தையும் தகுதியையும் குறிக்கும் உலகியல் அடையாளங்களே என்று மறுத்தார். 1623-இல் திருத்தந்தை 15-ஆம் கிரகோரியார், மூடநம்பிக்கை கலவாத வகையில் அவற்றை அனுமதித்தார். மறுப்பு வென்றது. வென்றதும் முறையே.

ஆயினும், 'மூடநம்பிக்கை அன்று' என்பது நிறுவப்பட்டதேயன்றி, 'குற்றமற்றது' என்பது நிறுவப்படவில்லை. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தாவலை அன்று கண்டவர் சிலரே. குலத்தின் அடையாளம் என்பதுதானே விடையாகச் சொல்லப்பட்டது? பெர்னாண்டஸ் அடிகளாரின் கோயிலில் முத்துக்குளித்துறைப் பரதவர் வழிபட்டனர். நோபிலியாரின் புதுக் கிறித்தவர்களுக்கோ தனிக்கோயில். இரு சாராரும் கலவாதிருப்பது ஏன் என்பதும் அம்முறையீட்டில் அடங்கியிருந்தது. காட்டிய காரணம் பழுதுபட்டதால், எழுப்பிய வினாவும் அதனோடு சேர்த்துத் தள்ளப்பட்டது. ஏது பொய்த்தால் முடிபும் பொய்த்ததாகக் கொள்வதும் ஒரு போலியே. வாதில் வென்றவர்க்கே அது பெரிதும் வாய்க்கிறது.

உரோமை அதனை மறக்கவில்லை. உயர்குடிப் பெருமை உடையோர் எளியோரை, அதிலும் ஆலயத்தில், இகழலாகாது என்று அதே திருமடல் வேண்டிக்கொண்டது. அனுமதி போற்றப்பட்டது, வேண்டுகோள் ஏட்டோடு நின்றது.

இயேசு சபையாரின் மதுரை மறைப்பணித் தளத்தின் தென்கோடியிலிருந்த வடக்கன்குளம் ஆலயத்தில், சாதியின் பெயரால் மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. அது மீண்டும் வேண்டும் என்று நீதிமன்றம் சென்று தோற்றவர்கள் ஆதாரமாகக் காட்டியது, வழக்கத்தையே.