வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தா?

பாட்டு எழுதும் தம்பிகளே, தங்கைகளே! யூடியூபில் உங்கள் பாட்டு ஒன்று நன்றாக ஓடினால் போதும், ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்துவிடும். பின்னாலேயே வாட்ஸப்பில் இருபது பக்க அக்ரிமெண்ட் வரும். "வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க, இல்லன்னா இந்த மாசம் ரிலீஸ் பண்ண முடியாது" என்பார்கள். போடாதீர்கள். அவசரம் அவர்களுடையது, பாட்டு உங்களுடையது.

தனியாக நிற்பதுதான் மானம், நிறுவனத்தோடு சேர்வது பாவம் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படி மேடையில் பேசுகிற பலருக்கு மாத வாடகைக் கவலை கிடையாது. நல்ல பப்ளிஷர் உங்கள் பாட்டை விளம்பரத்துக்கும் வெப் சீரிஸுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பார். உங்களால் துரத்த முடியாத காசை வெளிநாட்டிலிருந்தும் வசூலித்துத் தருவார். அதற்கொரு பங்கு எடுத்துக்கொள்வார். நியாயமான தொழில். ஆனால் நீங்கள் எதைக் கொடுக்கிறீர்கள், எத்தனை வருஷத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்று தெரியாமல் கொடுக்கக் கூடாது.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று, ஸ்டுடியோவில் பதிவான ஒலி இன்னொன்று. பப்ளிஷர் கேட்பது முதலாவதை, லேபிள் கேட்பது இரண்டாவதை. நம் ஊரில் பெரும்பாலும் ஒரே தாளில் இரண்டையும் வாங்கிக்கொள்கிறார்கள். "என்றென்றைக்கும், உலகம் முழுவதும், இனி வரப்போகும் ஊடகங்கள் உட்பட" என்றொரு வரி உள்ளே எங்காவது இருக்கும். தேடிப் பாருங்கள். வரிக்கும் மெட்டுக்கும் இந்தியாவில் காப்புரிமை உங்கள் ஆயுள் முடிந்து 60 ஆண்டுகள் வரை இருக்கிறது. அவ்வளவு காலத்தையும் அந்த ஒரு வரி எடுத்துக்கொண்டுவிடும். ஒப்பந்தத்தில் காலம் எழுதாமல் விட்டால் 5 ஆண்டு, நாடு எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும் என்பது சட்டம். அதனால்தான் அந்த வரியை எழுத மட்டும் அவர்கள் மறப்பதே இல்லை.

ராயல்டி விஷயத்திலும் சட்டம் உண்டு. 1977-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சினிமாப் பாட்டின் உரிமை தயாரிப்பாளரிடமே நின்றது. பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் போன்றவர்கள் விடாமல் போராடி, 2012-இல் சட்டத் திருத்தம் வந்தது. அதன்படி வரியும் மெட்டும் தந்தவர்களுக்கு ராயல்டியில் சமபங்கு உண்டு. 'எனக்கு வேண்டாம்' என்று நீங்களே எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. ஆனால் வரிக்கும் மெட்டுக்குமான ராயல்டியை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகிப் பாட்டைப் பதிவு செய்யாதவர் வீட்டுக் கதவை அந்தக் காசு தட்டாது. தனியாக வெளியிடுகிறவர்களுக்கும் இதே கதைதான். டிஸ்ட்ரிப்யூட்டர் வழியாக ஸ்பாட்டிஃபையில் ஏற்றினால் கைக்கு வருவது ஒலிப்பதிவுக்கான காசு. வரிக்கும் மெட்டுக்குமான காசுக்கு வழி வேறு. அதைக் கேட்டு வாங்காமல் 'நான் இண்டிபெண்டெண்ட்' என்று சொல்லிக்கொள்வது வெறும் சோம்பல்.

இதெல்லாம் உங்கள் பங்கைப் பற்றியது. அதே அக்ரிமெண்டில் இன்னொரு வரி இருக்கிறது: இந்தப் பாட்டு முழுக்க என் சொந்தப் படைப்பு, வேறு யாருக்கும் இதில் பாத்தியதை இல்லை, யாராவது உரிமை கோரினால் நஷ்டத்தை நானே ஏற்கிறேன். இங்கே நிறுத்தி நிதானமாக யோசியுங்கள். சரணத்தின் அந்தத் திருப்பத்தை மொட்டைமாடியில் கீபோர்டில் வாசித்துக் காட்டிய நண்பன் எங்கே? பல்லவிக்கு முன்னால் வரும் குலவையும் ஏலேலோவும் எந்த நடவுக்காரப் பாட்டியிடம் போனில் பதிவு செய்தவை? அவர்கள் பெயர் இல்லாத தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் அது பொய்ச்சாட்சி. லேபிள் உங்களை ஏமாற்றியதாக நாளைக்கு நீங்கள் புலம்பும்போது, அந்த நண்பன் உங்களைப் பற்றி அதையே சொல்லிக்கொண்டிருப்பான்.

2021-இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யைக் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். அடுத்த ஆண்டே அந்தப் பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்று பாடகர் அறிவு பகிரங்கமாகப் பேச, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் பாடகி தீயும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2024-இல் சந்தோஷ் நாராயணன் அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்றார். யார் பக்கம் நியாயம் என்ற பஞ்சாயத்துக்கு நான் போகவில்லை. அவ்வளவு பெரிய பாட்டுக்கே இந்த நிலை என்றால், உங்கள் வாட்ஸப் குழுவில் 'பாத்துக்கலாம் மச்சி' என்று முடிந்த பேச்சுக்கு என்ன மதிப்பு?

முன்பணம் பற்றியும் ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் பரிசு இல்லை, உங்கள் பங்கிலிருந்தே கழிக்கப்படும். கழிந்த பிறகுதான் அடுத்த ரூபாய் வரும். அதனால் கையெழுத்துக்கு முன்னாலேயே கொஞ்சம் செலவழித்து, காப்புரிமை தெரிந்த வக்கீல் ஒருவரிடம் அந்த இருபது பக்கத்தைக் காட்டுங்கள். ஒரேயடியாக விற்காமல் மூன்று வருஷ உரிமமாகக் கொடுக்க முடியுமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். முடியாது என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தால், இன்னும் கொஞ்ச நாள் தனியாகவே இருங்கள்.

அதற்கும் முன்னால், இன்று ராத்திரியே, பாட்டில் கை வைத்த எல்லோரையும் கூப்பிடுங்கள். வரி யாருக்கு எத்தனை சதவீதம், மெட்டு யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தேதி போட்டு எல்லோரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியிடம் நேரில் போய்க் கேளுங்கள்; அவர் வேண்டாம் என்றால் அந்த ஏலேலோவை எடுத்துவிடுங்கள்.